கழுத்து விறைத்த காய்ச்சல்: மூளைமென்சவ்வு அழற்சியும் ஆறாத யுத்தக் காயங்களும்

என் மாமாவின் வயிற்றில், நெஞ்சுக்குழியில் தொடங்கித் தொப்புளுக்குக் கீழே வரை ஒரு நீளத் தழும்பு இருக்கிறது. 2009 மார்ச்சில் மாத்தளனில் எறிகணைச் சிதறல் பட்ட இடம் அது. கப்பலில் ஏற்றப்பட்டு, கரையிறக்கப்பட்ட பிறகு ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். உயிர் தப்பியதே பெரிய காரியம். உள்ளே எதை வெட்டினார்கள், எதை எடுத்தார்கள் என்று மாமா கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அங்கிருந்து முகாமுக்குப் போனார். கையில் இருந்த ஒரே துண்டுக் காகிதமும் அங்கே மழையில் கரைந்துபோனது.

பதினான்கு வருடங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை இரவு அவருக்குக் காய்ச்சல் வந்தது. தலை வெடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். மாமி இரண்டு பனடோல் கொடுத்துப் படுக்க வைத்தார். டெங்குக் காலம் என்பதால், விடிந்ததும் இரத்தம் சோதிக்கலாம் என்று நினைத்தார்கள். விடியப்புறம் இரண்டு முறை சத்தி எடுத்தார். பிறகு, "பங்கருக்குள்ள போங்கோ, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கத்தத் தொடங்கினார். மாமி அழுதபடி எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, மனிசனுக்குப் பழைய ஞாபகம் திரும்பிட்டுது போல. என்னையே ஆரெண்டு தெரியேல்லை."

எங்கள் வீடுகளில் இப்படியான இரவுகள் புதிதல்ல. கனவில் கத்துபவர்கள் இருக்கிறார்கள். வெடிச் சத்தம் கேட்டால் நிலத்தில் விழுந்து படுப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் மாமியின் வார்த்தையை நானும் முதலில் நம்பிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் சரியாகிவிடும் என்றுகூடச் சொன்னேன். அந்த ஒரு மணித்தியாலத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறும். மாமாவுக்கு வந்தது பழைய ஞாபகம் அல்ல. பற்றீரியாவால் வரும் மூளைமென்சவ்வு அழற்சி. மெனிஞ்சைடிஸ் என்று வைத்தியர்கள் சொல்வதும், மூளைக்காய்ச்சல் என்று ஊரில் பொதுவாகச் சொல்வதும் இதைத்தான்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு இந்த நோயைப் பற்றி வைத்தியர்களிடம் கேட்டும் மருத்துவக் கட்டுரைகளை வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். யுத்தத்தில் வயிற்றிலோ தலையிலோ காயப்பட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், இதைக் கடைசி வரை வாசியுங்கள்.

என்ன நோய் இது?

மூளையையும் முண்ணாணையும் மூன்று மெல்லிய சவ்வுகள் போர்த்தியிருக்கின்றன. அந்தச் சவ்வுகளுக்கிடையே தெளிந்த நீர் போன்ற ஒரு பாய்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். பற்றீரியா அங்கே புகுந்து பெருகும்போது சவ்வுகள் அழற்சியடைகின்றன, மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. ஆகவே உள்ளே அழுத்தம் கூடி, மூளைக்குப் போகும் இரத்த ஓட்டம் பாதிக்கப்படுகிறது. இவை எல்லாம் சில மணித்தியாலங்களிலேயே நடந்துவிடலாம்.

வைரசாலும் இதே அழற்சி வரும். அது பெரும்பாலும் ஓரளவில் தானாகவே மாறிவிடும். பற்றீரியாவால் வருவது அப்படியல்ல. சிகிச்சை இல்லாவிட்டால் அநேகமாக உயிரைக் கொன்றுவிடும். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2019 ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 25 இலட்சம் பேருக்கு மூளைமென்சவ்வு அழற்சி ஏற்பட்டது. அவர்களில் 16 இலட்சம் பேருக்குக் காரணம் பற்றீரியா. பற்றீரியா வகையில் நோய் வந்தவர்களில் ஆறு பேரில் ஒருவர் இறக்கிறார். ஐந்து பேரில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு எஞ்சுகிறது.

வளர்ந்தவர்களில் இதை உண்டாக்கும் முக்கிய கிருமி நியுமோகொக்கஸ். நியூமோனியாவையும் காதுத் தொற்றையும் உண்டாக்குவதும் இதே கிருமிதான். அடுத்தது மெனிங்கோகொக்கஸ். இது ஆட்கள் நெருக்கமாக வாழும் விடுதிகள், முகாம்கள், சிறைகள் போன்ற இடங்களில் பரவக்கூடியது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோரை லிஸ்டீரியா என்ற கிருமியும் தாக்கும். காசநோய்க் கிருமியாலும் மூளைமென்சவ்வு அழற்சி வரும். ஆனால் அது நாட்கணக்கில், வாரக்கணக்கில் மெதுவாக முற்றும். அதற்கான சிகிச்சை வேறு, பல மாதங்கள் நீளும்.

எப்படி அடையாளம் காண்பது?

காய்ச்சல், கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, புத்தித் தடுமாற்றம் ஆகிய நான்கும் முக்கிய அறிகுறிகள். நான்கும் ஒன்றாகத் தெரியும் வரை காத்திருக்கக் கூடாது. நெதர்லாந்தில் 696 நோய்ச் சம்பவங்களை ஆராய்ந்து 2004 இல் வெளியான ஆய்வில், காய்ச்சல், கழுத்து விறைப்பு, புத்தித் தடுமாற்றம் மூன்றும் சேர்ந்திருந்தவர்கள் 44 வீதம் மட்டுமே. ஆனால் மேற்சொன்ன நான்கில் ஏதாவது இரண்டு, 95 வீதமானோரில் இருந்தன. வீட்டில் இருப்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய கணக்கு இதுதான்: நான்கில் இரண்டு இருந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கழுத்து விறைப்பு என்பது தலையணை மாறிப் படுத்ததால் வரும் பிடிப்புப் போன்றதல்ல. நாடியை நெஞ்சில் தொடும்படி குனியச் சொன்னால் அவரால் முடியாது, நோவில் முகம் சுழிப்பார். வெளிச்சம் கண்ணைக் கூசும். சத்தி வரும். சிலருக்கு வலிப்பும் வரும். மெனிங்கோகொக்கஸ் என்றால் தோலில் சிவப்பு அல்லது ஊதா நிறப் புள்ளிகள் தோன்றலாம். ஒரு கண்ணாடிக் குவளையால் அழுத்திப் பார்த்தால் சாதாரணத் தடிப்பு மறையும், இந்தப் புள்ளிகள் மறையா. எங்களைப் போன்ற கறுத்த தோலில் இவை தெளிவாகத் தெரிவதில்லை. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் ஆகிய இடங்களில் தேடுங்கள்.

புத்தித் தடுமாற்றம் எங்கள் மக்களிடையே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. காய்ச்சலுடன் ஒருவர் புலம்பினால், ஆளை அடையாளம் தெரியாமல் போனால், அளவுக்கு மீறித் தூங்கினால், அதை யுத்தத்தின் மனப்பாதிப்பு என்றோ, குடி என்றோ, பேய்க்குற்றம் என்றோ ஒதுக்கிவிடாதீர்கள். மனவடு உள்ளவருக்கும் மூளையில் தொற்று வரும். காய்ச்சல் இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பாருங்கள்.

முதல் மணித்தியாலம்

மாமாவை 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டியில் பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த இளம் பெண் வைத்தியர் கழுத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மேற்சட்டையை விலக்கியபோது தழும்பு தெரிந்தது.

"அம்மா, இவருக்கு மண்ணீரல் எடுத்ததா?"

மாமிக்கு அந்தச் சொல்லே புதிது. தெரியாது என்றார். அதன் பிறகு அந்த வைத்தியர் காத்திருக்கவில்லை. வளர்ப்புப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார். உடனேயே நாளத்தில் மருந்து ஏற்றினார். ஸ்கானும் மற்றச் சோதனைகளும் பிறகு நடந்தன.

அந்த ஒழுங்கு சரியானது. பற்றீரியா மூளைமென்சவ்வு அழற்சி என்று வலுவான சந்தேகம் இருந்தால், நோயாளி வந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து உள்ளே போக வேண்டும் என்பதே வைத்திய வழிகாட்டல்களின் நிலைப்பாடு. சி.ரி. ஸ்கானுக்காகவோ பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவதற்காகவோ முதல் மருந்தைப் பிற்போடக் கூடாது. தாமதிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் உயிராபத்தைக் கூட்டுகிறது.

முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் செப்ட்ரையக்சோன். வளர்ந்த ஒருவருக்கு 2 கிராம் வீதம், 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நாளத்தில் ஏற்றுவார்கள். அந்த மருந்துக்குப் பணியாத நியுமோகொக்கஸ் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் வன்கோமைசினும் சேரும். லிஸ்டீரியா வரக்கூடியவர் என்றால் அம்பிசிலினும் சேர்க்கப்படும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் உடனே சொல்லுங்கள், மாற்று மருந்துகள் இருக்கின்றன.

இவற்றுடன் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் ஊசியும் கொடுக்கப்படும். "கிருமி இருக்கும்போது ஏன் ஸ்டீரொயிட்?" என்று நானும் கேட்டேன். கிருமி செத்து உடையும்போது அழற்சி இன்னும் கூடுகிறது. மூளையையும் காது நரம்பையும் பாதிப்பதில் அந்த அழற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. ஐரோப்பாவில் 301 வளர்ந்த நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வில், இந்த ஊசி கொடுக்கப்பட்டவர்களில் 7 வீதமானோரும், கொடுக்கப்படாதவர்களில் 15 வீதமானோரும் இறந்தனர். நியுமோகொக்கஸ் நோயாளிகளிடம் பலன் அதிகமாக இருந்தது. எச்.ஐ.வி. தொற்று அதிகமுள்ள மலாவியில் நடந்த ஆய்வில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே யாருக்குக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை வைத்திய நிபுணர் தீர்மானிப்பார். கொடுப்பதானால் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தின் முதல் வேளைக்குச் சற்று முன்னரோ அதனுடன் சேர்த்தோ கொடுக்க வேண்டும். வழமையான காலம் நான்கு நாட்கள்.

நாரி ஊசிப் பயம்

மாமாவைப் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றிய பிறகு, நாரியில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். மாமி கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார். "நாரியில ஊசி போட்டா கால் இழுத்துப்போடும்" என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்லியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

இந்தப் பயம் எங்கள் ஊர்களில் பரவலானது. ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன். வளர்ந்தவர்களில் முண்ணாண் நாரியின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். ஊசி ஏறுவது அதற்குக் கீழே, மூன்றாம் நான்காம் நாரி முள்ளெலும்புகளுக்கு இடையே, அல்லது நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கு இடையே. அந்த இடத்தில் இருப்பவை பாய்பொருளில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டுமே. சிசேரியனுக்கு நாரியில் விறைப்பு ஊசி போடுவதும் இதே பகுதியில்தான். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, தோலை விறைக்கச் செய்து சில மில்லிலீற்றர் நீர் எடுப்பார்கள். பிறகு சிலருக்கு ஓரிரு நாட்கள் தலையிடி இருக்கலாம்.

அந்த நீர் நிறையச் சொல்லும். சுகதேகியின் நீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கும், பற்றீரியாத் தொற்றில் கலங்கும். வெண்குருதிக் கலங்கள் பெருகியிருக்கும், சீனி குறைந்திருக்கும், புரதம் கூடியிருக்கும். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குப் பணியும் என்பதை ஆய்வுகூடம் கண்டுபிடிக்க அதுவே வழி. வைரசா, காசநோயா என்று பிரித்தறிவதற்கும் அதுதான் உதவும்.

ஆனால் எல்லோருக்கும் உடனே குத்த மாட்டார்கள். வலிப்பு வந்தவர், நினைவு மிகவும் குறைந்தவர், ஒரு பக்கம் கைகால் விளங்காதவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் முதலில் சி.ரி. ஸ்கான் எடுப்பார்கள். மூளை வீக்கம் அதிகமாக இருக்கும்போது நீர் எடுப்பது ஆபத்தாகலாம். அப்போதும் மருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

மாமி கடைசியில் கையெழுத்து வைத்தார். மாமாவுக்குக் கால் இழுக்கவில்லை.

எத்தனை நாள்?

கிருமியைப் பொறுத்துச் சிகிச்சைக் காலம் மாறும். மெனிங்கோகொக்கஸ் என்றால் 5 முதல் 7 நாட்கள், நியுமோகொக்கஸ் என்றால் 10 முதல் 14 நாட்கள், லிஸ்டீரியா என்றால் 21 நாட்களோ அதற்கு மேலோ ஆகலாம். மருந்து நாளத்தால் ஏற வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் துண்டு வெட்டித் தரும்படி கேட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. தோட்டம் காய்கிறது, மாடு கத்துகிறது, நாட்கூலி போகிறது என்ற கவலைகள் எனக்கும் விளங்கும். ஆனாலும் இந்த நோயில் சிகிச்சையை இடையில் விட்டால் கிருமி திரும்பி வரலாம்.

நினைவு தவறியவர்களையும் மூச்சுத் திணறுபவர்களையும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவார்கள். மாமா அங்கே ஐந்து நாட்கள் இருந்தார். இரத்தப் பரிசோதனையில் வந்தது நியுமோகொக்கஸ். வயிற்று ஸ்கானில் மண்ணீரல் இல்லை என்பதும் உறுதியானது.

காயப்பட்டவர்கள் அறிய வேண்டியது

மண்ணீரல் இடதுபக்க விலாவுக்குக் கீழே இருக்கும் சிறிய உறுப்பு. இரத்தத்தில் புகும் சில வகைக் கிருமிகளை, குறிப்பாக நியுமோகொக்கசை, வடிகட்டி அழிப்பதில் அதன் பங்கு பெரியது. எறிகணைச் சிதறலோ துப்பாக்கிச் சன்னமோ பட்டு மண்ணீரல் கிழிந்தால், இரத்தப்போக்கை நிறுத்தி உயிரைக் காப்பதற்காக அதை எடுத்துவிடுவதுண்டு. எடுத்த பிறகும் சாதாரணமாக வாழலாம். ஆனால் சில கிருமிகள் மிக வேகமாக உயிரைக் குடிக்கும் ஆபத்து இருக்கிறது. முதல் இரண்டு மூன்று வருடங்களில் அது அதிகம். பிறகு குறைந்தாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும்.

அப்படியானவருக்குக் காய்ச்சல் வந்தால் "நாளைக்குப் பார்ப்பம்" என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே, இரவென்றாலும், வைத்தியசாலைக்குப் போய் "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று முதல் வசனமாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது தலைக்காயம். மண்டையோட்டின் அடிப்பகுதி வெடித்திருந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்காலோ காதாலோ கசியலாம். தடிமன் இல்லாமல், ஒரு பக்க மூக்கால் மட்டும், குனியும்போது தண்ணீர்போல் சொட்டினால் அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். நீர் வெளியே வரும் வழியால் கிருமி உள்ளே போகும். ஒருவருக்கு மூளைமென்சவ்வு அழற்சி திரும்பத் திரும்ப வந்தால், வைத்தியர்கள் இந்தக் கசிவைத் தேடுவார்கள். சத்திரசிகிச்சையால் அதை அடைக்க முடியும். வருடக்கணக்கில் காது ஒழுகுபவர்களும் அதற்கு மருந்து செய்ய வேண்டும். காதிலிருந்தும் தொற்று மூளைக்குப் போகும்.

ஊடுருவிய தலைக்காயத்துக்குப் பிறகும் மூளைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் வரும் தொற்றில் கிருமிகள் வேறாக இருக்கலாம், மருந்தும் மாறும். அதனால் பழைய காயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த ஆண்டு, எந்த இடத்தில் பட்டது என்று சொல்லப் பயப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வைத்தியருக்கு உடம்பின் கதை போதும். உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம், சில துண்டுகள் உள்ளே அசையக்கூடும். சி.ரி. ஸ்கானில் அந்த ஆபத்து இல்லை.

வீட்டாருக்குத் தொற்றுமா?

நியுமோகொக்கஸ், லிஸ்டீரியா என்றால் வீட்டாருக்குத் தடுப்பு மருந்து தேவையில்லை. மெனிங்கோகொக்கஸ் என்றால் தேவை. ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் மிக நெருங்கிப் பழகியவர்களுக்கும் ஒரு வேளை சிப்ரோபுளொக்சசின் குளிசை அல்லது அதற்கீடான வேறு மருந்து கொடுப்பார்கள். அந்த நோயாளியைச் சிகிச்சை தொடங்கி 24 மணித்தியாலம் தனியாக வைத்திருப்பார்கள். மூளைமென்சவ்வு அழற்சி இலங்கையில் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் பயப்படாமல் விபரம் கொடுங்கள்.

எஞ்சுவதும் தடுக்கக்கூடியதும்

மாமா பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தார். இடது காது கேட்கவில்லை. செவிப்புலன் இழப்பு இந்த நோயின் முக்கிய பின்விளைவுகளில் ஒன்று. ஆகவே வீடு திரும்புவதற்கு முன்னரோ சில வாரங்களுக்குள்ளோ காதைப் பரிசோதிக்கக் கேளுங்கள். ஞாபகக் குறைவு, களைப்பு, கோபம், தலைச்சுற்று, வலிப்பு ஆகியவையும் மாதக்கணக்கில் இருக்கலாம். மாமி ஒரு நாள் சொன்னார்: "முந்தி சண்டையால கோவம் வாறதெண்டு நினைச்சன். இப்ப எது நோய், எது சண்டை எண்டு எனக்கே தெரியேல்லை." கிளினிக்கைத் தவறவிடாமல் போவதுதான் அதற்கு நான் சொல்லக்கூடிய ஒரே மறுமொழி.

தடுப்பூசிகள் இருக்கின்றன. குழந்தைகளுக்கான ஹிப் தடுப்பூசி 2008 முதல் இலங்கையின் தேசியத் திட்டத்தில் உள்ளது. மண்ணீரல் எடுத்தவர்களுக்கு நியுமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹிப் ஆகிய மூன்றுக்கும் எதிரான தடுப்பூசிகளும், ஆண்டுதோறும் இன்புளுவென்சா ஊசியும் பரிந்துரைக்கப்படுகின்றன. வழமையாகச் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு வாரத்தின் பின் போடுவார்கள். அப்போது போடாவிட்டால் காலம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பத்து, பதினைந்து வருடங்கள் கழிந்தாலும் போடலாம். கிளினிக்கில் பொது வைத்திய நிபுணரிடம் கேளுங்கள்.

வயிற்றில் நீளத் தழும்பு இருந்து, என்ன எடுத்தார்கள் என்று தெரியாதவர்கள், ஒரு வயிற்று ஸ்கானுக்காக வைத்தியரிடம் கேட்கலாம். மண்ணீரல் இருக்கிறதா இல்லையா என்று அதில் தெரிந்துவிடும். நோய் நிர்ணய அட்டை தொலைந்திருந்தாலும் உடம்பு தொலையவில்லை.

மாமாவின் சட்டைப் பையில் இப்போது ஒரு சின்ன அட்டை இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று வரிகள்: மண்ணீரல் அகற்றப்பட்டவர், காய்ச்சல் என்றால் உடனடிச் சிகிச்சை தேவை, போட்ட தடுப்பூசிகளின் திகதி. அதை நான்தான் எழுதி, கடையில் பிளாஸ்ரிக் ஒட்டிக் கொடுத்தேன். செலவு நூறு ரூபாவுக்கும் குறைவு. அது 2009 இலேயே அவர் கையில் இருந்திருக்க வேண்டியது. உங்கள் வீட்டில் யாருக்காவது அது தேவை என்றால் இன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.